மூன்று நீண்ட விசில்

தில் முகம்மதுவைத் தெரியாதவர்கள் எங்கள் அகதி முகாம் குன்றில் யாருமில்லை. குழந்தைகள் அவனை "சயா" என்று கூப்பிடுவார்கள். பர்மாவில் வாத்தியாரை அப்படித்தான் அழைப்பது வழக்கம். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத ஆளை வாத்தியார் என்கிறார்களே என்று, நாலு எழுத்துப் படித்த சிலருக்கு உள்ளூரப் பொறாமை. மற்றபடி அவனைக் குறை சொல்ல ஆளில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், நோலாபாராவில், கருவாடு காயவைத்து விற்றவன். ஊர் அணிக்குக் கோல்கீப்பர். தரையில் விழுந்து விழுந்து பந்து பிடித்ததில் இரண்டு முழங்கையும் காய்த்துப்போயிருக்கும். முகாமுக்கு வந்த பிறகு கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கியது. சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டான்.

"சோத்துக்கும் ஃபவுல் குடுக்கப் போறியா?" என்று கேட்பாள் அவன் மனைவி சோமுதா.

அந்த விசிலின் கதைதான் இது. ஆனால் அதற்கு முன் ஓர் ஓடையைக் கடந்தாக வேண்டும்.

ராணுவம் ஊரை எரித்த மறுநாள் கிளம்பியவர்கள் மூன்று நாள் நடந்தார்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வந்தோம். விடாத மழை. காட்டில் ஒருவர் சட்டை நுனியை ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கையைப் பிடிக்கக் கூடாது. கையைப் பிடித்தால் ஒருவர் வழுக்கும்போது இன்னொருவரும் சேர்ந்து போவார். சட்டையென்றால் கிழியும், ஒருவராவது மிஞ்சுவார். யார் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது. அந்த மழையில் நடந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது. தில் முகம்மது முன்னால் போனான். அவன் சட்டையை ஏழு வயது மகன் நோபி பிடித்திருந்தான். நோபியின் சட்டை சோமுதாவின் கையில்.

ஓடையில் தண்ணீர் மார்பளவு வந்தது. தில் முகம்மது திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை, சட்டையைப் பின்னாலிருந்து ஒரு கை இழுத்துக்கொண்டே வந்தது. கரையேறிய பிறகும் இரண்டு எட்டு வைத்தான். அப்போது இழுப்பு நின்றுபோனது. திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. பாதி ஓடையிலிருந்து அவன் சட்டையை இழுத்து வந்தது வெறும் தண்ணீர்.

சோமுதாவை யாரோ படகில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். நோபி வரவில்லை. அவள் கையில் அவன் சட்டையின் ஒரு துண்டு இருந்தது. "ஏன் திரும்பிப் பார்க்கல?" என்று அவள் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டித் தீர்த்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முகாமில் முதல் வருடம் முடிந்த சமயம், தொண்டு நிறுவனம் ஒன்று பந்துகளும் பனியன்களும் கொண்டுவந்து இறக்கியது. பயந்துபோன பிள்ளைகளை விளையாட்டு குணமாக்கும் என்றார்கள். எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. தார்ப்பாய்க்குள் மழை ஒழுகுகிறது, இவர்கள் கோல் போஸ்ட் நடுகிறார்களே என்று நினைத்தேன். நான் நினைத்தது தப்பு. அந்தப் பிள்ளைகளை முதல் வாரம் பார்த்திருக்க வேண்டும். திறந்த வெளிக்கு வரவே மாட்டார்கள், மைதானத்து ஓரத்தில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஹெலிகாப்டர் போனால் அத்தனை பேரும் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆறு மாதத்தில் அதே பிள்ளைகள் ஆஃப்சைடுக்காக ஒருவரையொருவர் சட்டையைப் பிடித்து அடித்துக்கொண்டார்கள். மேற்பார்வைக்கு வந்த மேடம் ஒரு படிவம் கொடுத்து, குழந்தைகளின் மகிழ்ச்சிக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டாள். "அடிச்சுக்குறாங்க மேடம். அஞ்சு போட்டுக்குங்க" என்றான் தில் முகம்மது.

பயிற்சியில் அவன் சொந்தமாகச் சேர்த்த விளையாட்டு ஒன்று உண்டு. அதற்கு "வால்" என்று பெயர். மூன்று நீண்ட விசில் கேட்டால், எங்கே இருந்தாலும், கையில் என்ன இருந்தாலும், போட்டது போட்டபடி மைதானத்துக்கு ஓடி வர வேண்டும். சயாவின் சட்டையை முதல் ஆள் பிடிக்க, அவன் சட்டையை அடுத்தவன் பிடிக்க, வால் நீண்டுகொண்டே போகும். பிறகு வரிசையாக எண் சொல்ல வேண்டும், ஒன்று முதல் இருபத்துமூன்று வரை. கடைசி எண் வரும்வரை தில் முகம்மது மூச்சுவிட மாட்டான். நேரம் காலம் பார்க்காமல் ஊதுவான். ஒருமுறை பள்ளிவாசலில் ஓதிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் பாதியில் எழுந்து ஓடிவிட்டார்கள். இமாம் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

மினாரா பேசாமல் இருக்கிற ரகமில்லை. சாலைப் பக்கம் மேட்டில் இருந்த கைம்பெண், வாய்க்காரி. தண்ணீர்க் குழாயில் அவனைக் கண்டால் விடமாட்டாள்.

"ஏன் சயா, நீ ஊதுறப்பல்லாம் என் வீட்டுச் சேவலும் மைதானத்துக்கு ஓடுது. அதுக்கும் ஒரு நம்பர் போட்டுரு, புண்ணியமாப் போவும்."

"சேவலு கோலுக்கு நிக்குமா?"

"உன்ன விட நல்லா நிக்கும்."

அவள் மகள் ருகியாவுக்கு வயது ஒன்பது. தகப்பனுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவள், அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. வைத்தியர் பார்த்தார், மந்திரித்துத் தண்ணீர் கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒரு வருடத்தில் அவள் பெரியவளாகி வீட்டுக்குள் உட்கார வேண்டியவள், அதுவரை போகட்டும் என்று மினாரா அனுப்பிவைத்தாள். ருகியா பந்தைத் தொடமாட்டாள். வாலில் மட்டும் வந்து நிற்பாள், முன்னால் இருப்பவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவள் எண் பதினேழு. பதினாறு முடிந்ததும் தில் முகம்மதுவே "பதினேழு" என்று சொல்லிவிட்டு மேலே போவான். நாலு மாதம் அப்படியே போயிற்று. ஒருநாள் தொண்டை கட்டியிருந்ததால் அவன் சொல்வதற்குக் கொஞ்சம் தாமதமானது.

"பதினேழு" என்றாள் ருகியா.

அவன் ஒன்றும் நடக்காதது போல "ம், அடுத்து" என்றான். இருபத்துமூன்று வரை கேட்டான். பிறகு மேட்டுக்கு ஒரே ஓட்டம்.

"பொய் சொல்லாத சயா" என்றாள் மினாரா. "பொய் சொன்னா நாக்கு அழுகிடும்."

மறுநாள் அவள் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டாள். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு சேவல் பேச்சு நின்றுபோனது. விசில் சத்தம் கேட்டால், "ஏய், சயா கூப்பிடுறாரு, ஓடு ஓடு!" என்று மகளை அவளே விரட்டிவிட்டாள். இதை நான் சும்மா சொல்லவில்லை. பின்னால் மினாராவைத் தின்றதில் இதுவும் ஒன்று.

தீப்பிடித்தது மூன்றாவது கோடையில், மதியத் தொழுகைக்குக் கொஞ்சம் பிறகு. மேற்குச் சரிவில் யார் வீட்டு அடுப்போ. மூங்கிலும் தார்ப்பாயும் எரிய நேரம் காலம் கேட்குமா? காற்றும் பலமாக இருந்தது. சிலிண்டர்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. எங்கள் ஜனத்துக்கு அந்தச் சத்தம் வேறொன்றை ஞாபகப்படுத்தும். ஆட்கள் நின்று யோசிக்கவில்லை, நாலா பக்கமும் சிதறினார்கள். பாதிப் பக்கம் கம்பிவேலி.

தில் முகம்மது மைதானத்தில் கோல் போஸ்ட்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். வெறும் மண் எரியாது என்பதுதான் அவன் புத்தியில் முதலில் பட்டது. மைதானம் முழுக்க வெறும் மண், அதை ஒட்டிச் சாக்கடைக் கால்வாய். விசிலை வாயில் வைத்து மூன்று முறை நீளமாக ஊதினான்.

பிள்ளைகள் வந்தார்கள். புகைக்குள்ளிருந்து, சந்துகளிலிருந்து, ஒருவன் பாதிக் குளியலோடு சோப்பு நுரை வழிய, இன்னொருவன் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு. வந்தவன் வந்தபடி முன்னால் இருப்பவன் சட்டையைப் பிடித்தான். பெரியவர்கள் புத்தி கெட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகள் எண் சொன்னார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினைந்து. பதினாறு.

அதற்கு மேல் சத்தம் வரவில்லை. பிறகு, பின்னாலிருந்து, "பதினெட்டு."

மறுபடி எண்ணச் சொன்னான். மறுபடியும் பதினாறுக்குப் பிறகு பதினெட்டு. இந்த முறை யாரையும் விட்டுவிட்டுக் கரையேற அவன் தயாராக இல்லை. மேட்டைப் பார்த்து ஊதினான். மூன்று நீண்ட விசில். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று. மறுபடி மூன்று. நெருப்பு மைதானத்தின் மேல் ஓரத்துக்கு வந்து முகம் சுடும்வரை ஊதினான். அதற்கு மேல் நிற்க முடியாமல் வாலைக் கால்வாய்க்குள் இறக்கினான். முன்னால் பார்த்து நடக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தான், தடுக்கித் தடுக்கி, வாயிலிருந்து விசிலை எடுக்காமல். முழங்காலளவு சாக்கடையில் இருபத்திரண்டு பேரும் ஈரப் பனியனை முகத்தில் மூடிப் படுத்துக்கிடந்தார்கள். இருபத்திரண்டு பேரும் பிழைத்தார்கள்.

மாலையில் மினாரா வந்தாள். ஆறு வயது மகன் அயாஸ் கூட இருந்தான். அவள் தில் முகம்மதுவின் முகத்தைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் இருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ருகியா எங்க?"

"வரலியே அக்கா. நான் எவ்வளவோ ஊதினேன்."

மினாரா தன் வலது மணிக்கட்டை நீட்டினாள். பற்கள் பதிந்த இடத்தில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது.

"ரெண்டு பேரையும் நான் வெளிய கொண்டாந்துட்டேன் சயா. ரோட்டுப் பக்கம் வேலிய ஆம்பளைங்க வெட்டி விட்டாங்க, அந்த ஓட்டை வழியா. ரோட்டுல நின்னுக்கிட்டிருந்தோம். அப்ப நீ ஊதின. நான் அவ கைய விடல. மறுபடி ஊதின. மறுபடி ஊதின. 'சயா என்னத் தேடுறாரு'ன்னா. முழுசா, தெளிவா சொன்னா. இங்க கடிச்சா. நான் கைய ஒதறினேன்."

ருகியாவைக் குழாயடிச் சந்தில் மறுநாள் காலையில் கண்டெடுத்தார்கள். அடையாளம் சொல்ல மினாரா போனாள். தில் முகம்மது பாதி வழி போய் உட்கார்ந்துவிட்டான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் ஆச்சரியம், ஊர் அவனைத் திட்டவில்லை, புகழ்ந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளின் தாய்மார் வந்து அவன் கையைப் பிடித்து அழுதார்கள். இமாம் வெள்ளிக்கிழமை துஆப் பிரார்த்தனையில் அவன் பெயரைச் சொன்னார். மேடம் புகைப்படக்காரரோடு வந்தாள். இருபத்திரண்டு உயிரை விளையாட்டு காப்பாற்றியது என்று எழுதப்போகிறார்களாம், மற்ற முகாம்களுக்கெல்லாம் முன்னுதாரணமாம். விசில் ஊதுவது போல ஒரு படம் வேண்டும் என்றாள்.

"இருபத்தி மூணு பசங்க மேடம்" என்றான் அவன்.

"தெரியும் தில். ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா நீங்க காப்பாத்தினது..."

"இருபத்தி மூணு."

விசிலை வாயில் வைத்தான். காற்று வரவில்லை. படத்தில் அதெல்லாம் தெரியாது. புதிதாகக் கட்டிய அலுவலகத்தில் அந்தப் படம் இன்றும் தொங்குகிறது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு, அவர்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லாதபோதும்.

வீட்டில், புதுத் தார்ப்பாயின் கீழே, சோமுதா சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நோபியப் பத்தி நான் உன்ன ஒரு வார்த்த கேட்டதில்ல" என்றாள். "இதயும் கேக்கமாட்டேன். சாப்பிடு."

அன்றைக்கு அவன் விசிலைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டான். கழுத்தில் கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. மைதானத்தில் பிள்ளைகள் தாங்களாகவே பந்து உதைத்தார்கள், தாங்களாகவே சண்டை போட்டார்கள். அவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

நாற்பதாம் நாள் ஓதி முடித்து மூன்று நாள் கழித்து, மினாரா அயாஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றாள். அவள் மணிக்கட்டில் புதிதாகக் கீறல்கள்.

"இது ஆறுது சயா" என்றாள். "நான் ஆறவிடல. நகத்தால கீறிக்கிட்டே இருக்கேன்."

அவன் எழுந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் காலில் விழப் போனான்.

"அதெல்லாம் வேணாம். நிமிரு. இவனப் பாரு. நேத்திக்குக் கீழ எவனோ வெளாட்டுக்கு ஊதினான். இவன் வாயில வெச்ச சோத்தக் கீழ போட்டுட்டு ஓடினான். மைதானத்துக்கு. அக்கா நம்பரத் தான்தான் சொல்லுவேங்குறான். அடுத்த கோட வரும், அடுத்த தீ வரும். என் பொண்ணுக்கு வரச் சொல்லிக்குடுத்தியே, இவனுக்கு வராம இருக்கச் சொல்லிக்குடு."

"என்னால ஊத முடியாது அக்கா."

"முடியும். என் பொண்ணுக்காக அத்தன தடவ ஊதினவன்தானே."

சோமுதா உள்ளே போய் அரிசி டப்பாவைத் திறந்தாள்.

புது ஏற்பாடு இப்படி. தாய்மார்கள் தப்பிக்கிற வழிகளில் நிற்பார்கள்: வேலி ஓட்டையில், பாலத்தடியில், சாலையில். மூன்று நீண்ட விசில் கேட்டால் பிள்ளைகள் சயாவிடம் வரக் கூடாது, எந்தத் தாய் பக்கத்தில் இருக்கிறாளோ அவளிடம் ஓட வேண்டும். சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். முதல் நாள் ஊதினான். அத்தனை பேரும் நேராக அவனிடம் வந்தார்கள். சிரித்துக்கொண்டே வால் கட்டினார்கள். எண் சொன்னார்கள். பதினாறு வந்ததும் அயாஸ் வாயைத் திறந்தான், பக்கத்திலிருந்த பையன் அவன் வாயைப் பொத்தினான்.

இரண்டாம் நாளும் வந்தார்கள். மூன்றாம் நாள் அவன் கையை வீசி, "வராதீங்க! அந்தப் பக்கம்! அந்தப் பக்கம் ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடிவந்தார்கள். கழிப்பறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஊதினான், தேடிக் கண்டுபிடித்துச் சட்டையைப் பிடித்தார்கள். ஒரு வாரம் போயிற்று. அதுவரை ஒரு பிள்ளையைக்கூடக் கைநீட்டி அடிக்காதவன், சட்டையைப் பிடித்த ஒருவனைப் பிடித்துத் தள்ளினான். அவன் கீழே விழுந்து, அழாமல், குழம்பிப்போய் நிமிர்ந்து பார்த்தான்.

"நீதானே சயா வரச் சொன்னே?"

தில் முகம்மது மண்ணிலேயே உட்கார்ந்தான். பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ருகியா ஏன் செத்தா தெரியுமா?" என்று கேட்டான்.

"தீயில" என்றார்கள்.

"இல்ல. அவ ரோட்டுல நின்னா. ஒண்ணும் ஆவல அவளுக்கு. நான் கூப்பிட்டேன். வந்தா. அதான் செத்தா."

மேட்டில் நின்ற மினாராவுக்கு அது கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரியாததா? பிள்ளைகள் அவனைப் பார்த்த பார்வை மட்டும் மாறிவிட்டது. எழுந்து போகும்போது எப்போதும் அவன் கையில் தொங்குகிற சின்னப் பயல்கள் இரண்டு பேர் சற்று விலகியே போனார்கள். அதை அவன் கவனித்தான்.

மறுநாள் மாலை அஸர் தொழுகை முடிந்து வழக்கமான நேரத்தில் மைதானத்தின் நடுவில் நின்று ஊதினான். மூன்று நீண்ட விசில். பிள்ளைகள் சிதறினார்கள். பாலத்துக்குச் சிலர், சாலைக்குச் சிலர். அயாஸ் மட்டும் பழக்கத்தில் அவனைப் பார்த்துப் பாதி தூரம் வந்துவிட்டான். வந்தவன் நின்றான். சயாவைப் பார்த்தான். பிறகு திரும்பி, மேட்டைப் பார்த்து, ஓட்டமாக ஓடி வேலி ஓட்டையில் நின்ற தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். மினாரா அவன் தலையில் கைவைத்தாள்.

தில் முகம்மதுவின் சட்டையைப் பின்னாலிருந்து ஏதோ இழுத்தது. இந்த முறை சட்டென்று திரும்பிப் பார்த்தான். காற்றுதான். பின்னால் யாரும் இல்லை.

விசிலை வாயிலிருந்து எடுத்தான். "நல்லா ஓடினீங்கடா!" என்று மேட்டைப் பார்த்துக் கத்தினான். செருமிக்கொண்டு மறுபடி கத்தினான். "நாளைக்கும் இதே நேரம்!"